சிப் போட்ட பிஎஸ்2 டிஸ்க் படிக்கவில்லை: சுத்தம் செய்வதா, லேசர் மாற்றுவதா, டிஸ்க்கே வேண்டாம் என்று விடுவதா?

நகல் டிஸ்க்கையும் ஓட்டவைக்கும் சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) ஒருநாள் டிஸ்க் படிப்பதை நிறுத்திவிட்டால், பலரும் நேராகக் கடைக்குப் போய் "லேசர் மாத்திடுங்க" என்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, லேசரின் பக்கவாட்டில் இருக்கும், மின்தடையை மாற்றும் குட்டி பிரீசெட்டைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். முதலாவது பணத்தை வீணாக்கலாம், இரண்டாவது நல்ல லேசரையே கெடுக்கலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: கோளாறு டிரைவிலா, சிப்பிலா, டிஸ்க்கிலா?

சிப் போடாத கன்சோலில் இந்தக் கேள்வி எளிது. சிப் போட்டதில் மூன்றும் ஒரே மாதிரி அறிகுறி காட்டும் என்பதால் குழப்பம் அதிகம். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கைமாறிய பிஎஸ்2-களில் ஏராளமானவை சிப்போடுதான் வீட்டுக்கு வந்தன. எந்த சிப், யார் சால்டர் செய்தது, எந்த வயர் எங்கே போகிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது. 2000-இல் வந்த இந்த கன்சோலின் உற்பத்தி 2013 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஆகவே இன்று கையில் இருக்கும் எந்த பிஎஸ்2-விலும் லேசர் வயதானதுதான் என்று வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது. ஆனால் வயதானது என்பதும் செத்துப்போனது என்பதும் ஒன்றல்ல.

திருப்புளியை எடுக்கும் முன் டிஸ்க்கால் சோதனை

பிஎஸ்2 லேசர் யூனிட்டுக்குள் ஒளி தரும் இரண்டு டயோடுகள் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று தளர்ந்து மற்றது நன்றாக இருப்பது சகஜம். அதனால் "எதையும் படிக்கவில்லை" என்று முடிவு கட்டும் முன் வகைக்கு ஒரு டிஸ்க் போட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கிய அசல் ஆடியோ சிடி ஒன்று, அசல் சினிமா டிவிடி ஒன்று. இந்த இரண்டுக்கும் சிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கன்சோல் இவற்றை அசலா நகலா என்ற சரிபார்ப்பு எதுவும் இல்லாமல் ஓட்டும். சினிமா டிவிடி வேறு நாட்டு மண்டலத்தது என்று செய்தி வந்தால்கூடக் கவலையில்லை. அந்தச் செய்தியைக் காட்டவே லேசர் டிஸ்க்கைப் படித்தாக வேண்டும். அடுத்து ஓர் அசல் பிஎஸ்2 கேம். அடிப்பகுதி நீல நிறமாக இருந்தால் அது சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. முடிந்தால் இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றும் வேண்டும். காட் ஆஃப் வார், கிரான் டூரிஸ்மோ 4 இரண்டின் அசல் டிஸ்க்கும் அந்த வகை. கடைசியாக, இதுவரை நன்றாக ஓடிய நகல் டிஸ்க் ஒன்று.

அசல் எல்லாம் ஓடுகிறது, நகல் மட்டும் ஓடவில்லை என்றால் லேசரைத் தொடவே வேண்டாம். கோளாறு சிப்பிலோ நகல் டிஸ்க்கிலோதான். "பிளேஸ்டேஷன் அல்லது பிளேஸ்டேஷன் 2 வடிவ டிஸ்க்கைச் செருகவும்" என்று ஆங்கிலத்தில் சொல்லும் சிவப்புத் திரை வந்தால், டிஸ்க் உள்ளே இருப்பதை கன்சோல் கண்டுகொண்டது, ஆனால் அதை அசலாக ஏற்கவில்லை என்று பொருள். சிப் வேலை செய்யாதபோது இதுதான் வரும். தளர்ந்த லேசரும் சில சமயம் இதே திரைக்குக் கொண்டுபோய்விடும் என்பதால்தான் அசல் டிஸ்க் சோதனை முதலில் வருகிறது.

ஆடியோ சிடி ஓடுகிறது, டிவிடி எதுவும் ஓடவில்லை என்றால் டிவிடி டயோடு தளர்ந்திருக்கலாம், அல்லது லென்ஸ் மங்கியிருக்கலாம். டிவிடியின் தடங்கள் சிடியைவிட நெருக்கமானவை, அதனால் லென்ஸில் படிந்த மெல்லிய படலம்கூட முதலில் டிவிடியைத்தான் பாதிக்கும். ஒற்றை அடுக்கு ஓடி இரட்டை அடுக்கு மட்டும் தடுமாறினால் லேசரின் பலம் விளிம்பில் நிற்கிறது. இரட்டை அடுக்கு டிஸ்க் திருப்பியனுப்பும் ஒளி 18 முதல் 30 சதவீதம்தான். ஒற்றை அடுக்கு அசல் டிஸ்க்கில் அது 45-க்கு மேல். கேம் நன்றாகத் தொடங்கிப் பாதியில் உறைந்தால், பெரும்பாலும் பழி லேசரின் பலத்தின் மீது அல்ல. லேசர் வெளிவட்டத்துக்கு நகரும் தண்டவாளத்திலோ அதன் சாய்விலோ தேடுங்கள்.

டிஸ்க் சுழலவே இல்லை என்றால் அது தனிக் கதை. ஸ்லிம் மாடலில் (பின்னால் வந்த மெல்லிய கன்சோல்) மூடியை அழுத்தும்போது உள்ளே ஒரு சென்சார் சுவிட்ச் அமுங்க வேண்டும். முன்பு யாராவது அசல் டிஸ்க்கைக் காட்டிவிட்டு நகலை மாற்றிப் போடும் வித்தைக்காக அந்த சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தால், மூடி எப்போதும் மூடியிருப்பதாகவே கன்சோல் நினைத்துக்கொள்ளும். புது டிஸ்க் போட்டது அதற்குத் தெரியாது. அந்த டேப்பை எடுத்தாலே சரியாகிவிடும்.

சுத்தம் செய்தல்: செலவு குறைவு, முதல் உரிமை இதற்குத்தான்

தேவையானவை: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள்), நல்ல பஞ்சுள்ள இயர்பட்ஸ், கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் ஊதி, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத வெள்ளை கிரீஸ் கொஞ்சம். தின்னர், பெட்ரோல், சென்ட் எதுவும் லென்ஸுக்கு அருகில்கூட வரக்கூடாது. லென்ஸ் பிளாஸ்டிக், அது நிரந்தரமாக மங்கிவிடும்.

ஸ்லிம் மாடலில் மூடியைத் திறந்தாலே லென்ஸ் கண்ணெதிரே இருக்கும். பழைய பெரிய மாடலில் அடியில் உள்ள மறைப்புகளைப் பிடுங்கி 8 அல்லது 10 ஸ்குரூவைக் கழற்ற வேண்டும், பிறகு டிரைவின் மேல்மூடியில் உள்ள 4 சிறிய ஸ்குரூ. மேல் உறையை வேகமாகத் தூக்காதீர்கள். ரீசெட், எஜெக்ட் பட்டன்களுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் அறுந்துவிடும்.

இயர்பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, ஒரு காகிதத்தில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் நான்கு முடி போன்ற கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கம்பி வளையும், அதன்பின் எந்தச் சுத்தமும் உதவாது. பஞ்சின் சொந்த எடையே போதும். நடுவில் வைத்து வெளிப்புறமாகச் சுழற்றி வாருங்கள், பின் உலர்ந்த முனையால் ஒருமுறை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லென்ஸில் நீலமும் ஊதாவும் கலந்த பளபளப்பு ஒரே சீராகத் தெரிய வேண்டும். வெள்ளைப் புகைபோல் ஒரு வட்டம் தெரிந்தால் இன்னொரு முறை துடைக்கலாம். அதற்குப் பிறகும் அது போகவில்லை என்றால் மங்கல் லென்ஸின் உள்ளே இருக்கிறது, துடைத்துப் பயனில்லை. கன்சோலைத் திறந்தபடி 10 நிமிடம் விட்டு உலரவிடுங்கள்.

தூசி லென்ஸின் மேல் மட்டும் இருப்பதில்லை, அதன் அடியில் உள்ள கண்ணாடியிலும் படியும். அதற்கு ரப்பர் ஊதியால் லென்ஸின் பக்கவாட்டு இடுக்கு வழியாக நான்கைந்து முறை ஊதினால் போதும். கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம். சின்ன பிரஷ் ஒட்டிய சுத்தம் செய்யும் டிஸ்க் கடைகளில் கிடைக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகமாகச் சுழலும் பிரஷ் தொங்கும் லென்ஸில் போய் மோதுகிறது, அழுக்கு கரைவதும் இல்லை.

லேசர் ஓடும் இரண்டு கம்பிகளையும் பல் சக்கரத்தையும் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். அதை ஆல்கஹாலில் முழுவதும் துடைத்துவிட்டு, குண்டூசித் தலை அளவு புதுக் கிரீஸை இரண்டு இடத்தில் வைத்து, லேசரைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பரவ விடுங்கள். பாதியில் உறையும் கேம்களில் கணிசமானவை இதோடு சரியாகும்.

பெரிய மாடலில் இன்னொரு வசதி உண்டு. லேசர் தண்டவாளத்தின் ஒரு முனையில் வெள்ளை நிறப் பல் சக்கரம் ஒன்று இருக்கும். அது லேசரின் சாய்வையும் உயரத்தையும் மாற்றுவது. மார்க்கரால் இப்போதுள்ள இடத்தைக் குறித்துவிட்டு, ஒரு பல் மட்டும் திருப்பி டிஸ்க் போட்டுப் பாருங்கள். பலனில்லை என்றால் அடுத்த பல். நான்கைந்து பல் தாண்டியும் மாற்றம் இல்லையென்றால் குறித்த இடத்துக்கே திருப்பிவிட்டு, எதிர்த்திசையில் அதேபோல் முயலுங்கள். அடையாளம் இடாமல் திருப்பினால் தொழிற்சாலை வைத்த இடத்தை மறுபடி பிடிப்பது மிகக் கடினம்.

பிரீசெட்டைத் திருகுவது: எப்போது, எவ்வளவு

லேசர் யூனிட்டில் இரண்டு குட்டி பிரீசெட்டுகள் உண்டு, சிடிக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று. மின்தடையைக் குறைத்தால் டயோடு வழியாகப் போகும் கரண்ட் கூடும், ஒளி பிரகாசமாகும், அதுவரை படிக்காத டிஸ்க்கைப் படிக்கும். சில வாரங்களோ மாதங்களோ ஓடும். பிறகு டயோடு முற்றாகப் போய்விடும். தளர்ந்த டயோடை இன்னும் கடுமையாக உழைக்க வைக்கிறோம் என்பதுதான் இதன் முழு இரகசியம். எனவே இதை ரிப்பேர் என்று எண்ண வேண்டாம், கால அவகாசம் வாங்குவது மட்டுமே.

அப்படியும் செய்வதானால், எந்த டயோடு தளர்ந்தது என்று டிஸ்க் சோதனையில் தெரிந்த பிறகு அதற்குரிய பிரீசெட்டை மட்டும் தொடுங்கள். கன்சோலின் மின் இணைப்பை எடுத்து, லேசரின் ரிப்பனையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டின் ஓம் மதிப்பையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 5 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம். மொத்தத்தில் 20 சதவீதம் குறைத்தும் படிக்கவில்லை என்றால் பழைய மதிப்புக்கே கொண்டுவந்துவிடுங்கள், கோளாறு அங்கே இல்லை. கடையில் கொடுத்து வாங்கிய கன்சோலில் பிரீசெட்டின் வாய் தேய்ந்தோ கீறியோ இருந்தால் யாரோ ஏற்கெனவே திருகியிருக்கிறார்கள். அந்த லேசரில் மேற்கொண்டு நேரம் செலவிடுவது வீண்.

வைத்திருக்கும் அசல் டிஸ்க்குகளைத் தற்காலிகமாகக் காப்பாற்றவும் பிரீசெட் தேவையில்லை. கம்ப்யூட்டரின் சாதாரண டிவிடி டிரைவே பிஎஸ்2 டிஸ்க் முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுத்துத் தரும்.

லேசர் மாற்றுவது

அசல் கேம்கள் அலமாரி நிறைய இருக்கிறது, அவற்றை டிஸ்க்காகவே போட்டு விளையாட வேண்டும் என்றால் இதுதான் சரியான முடிவு. ஆனால் கன்சோலின் மாடல் எண்ணை மட்டும் சொல்லி லேசர் வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள் இரண்டு வகை லேசர்கள் வந்திருக்கின்றன. பழையதைக் கழற்றி அதன் உடலில் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் படியுங்கள். பெரிய மாடல்களில் கேஎச்எஸ்-400பி, கேஎச்எஸ்-400சி, எஸ்எஃப்-எச்டி7 ஆகியவையும், ஸ்லிம் மாடல்களில் பிவிஆர்-802டபிள்யூ, டிடிபி-082டபிள்யூ, கேஎச்எம்-430 ஆகியவையும் அதிகம் காணப்படுபவை.

சந்தையில் இரண்டு தரம் உண்டு: புதிதாகச் செய்த மாற்றுத் தயாரிப்பு, பழைய கன்சோலில் இருந்து கழற்றிய அசல். புதியதில் தரம் ஒன்றுக்கொன்று வேறுபடும், ஆனால் டயோடு உழைக்காதது. கழற்றியதில் உடல் உறுதியாக இருக்கும், டயோடு எத்தனை ஆயிரம் மணி நேரம் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. இரட்டை அடுக்கு டிஸ்க் ஓட்டிக் காட்டினால் மட்டும் கழற்றியதை வாங்கலாம், இல்லாவிட்டால் புதியதே மேல்.

புது லேசரை மாட்டியதும் "இதுவும் டெட்" என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் ஒரு சொட்டு ஈயம். நிலைமின்சாரத்தால் டயோடு சாகாமல் இருக்க, தொழிற்சாலையிலேயே லேசர் போர்டின் இரண்டு புள்ளிகளை ஒரு சால்டர் முத்தால் இணைத்து அனுப்புகிறார்கள். அந்த முத்து இருக்கும் வரை லேசர் எரியாது. முடிந்தால் ரிப்பனை முதலில் செருகிவிட்டு, மின்சாரம் இல்லாத நிலையில், மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்னால் ஒன்றிரண்டு நொடி தொட்டு முத்தை உறிஞ்சி எடுங்கள். நீண்ட நேரம் சூடு வைத்தால் ரிப்பன் கனெக்டர் உருகும். அதை எடுத்த பிறகு லேசரை வெறுங்கையால் கனெக்டர் பக்கம் பிடிக்கக்கூடாது. வாங்கியபோது லேசரில் இப்படி ஒரு முத்தே இல்லையென்றால், யாரோ பயன்படுத்திப் பார்த்துத் திருப்பிய சரக்காக இருக்கலாம்.

ரிப்பனைச் செருகும்போது கோணலாகப் போனால் போர்டில் உள்ள குட்டி ஃபியூஸ்கள் போய்விடும். மின் இணைப்பு இருக்கும்போது ரிப்பனைத் தொட்டாலும் அதே கதி. லேசர் மாற்றிய பிறகு டிஸ்க் சுழலவும் இல்லை, லென்ஸ் அசையவும் இல்லை என்றால், ரிப்பன் கனெக்டருக்கு அருகில் உள்ள ஃபியூஸ்களை மல்டிமீட்டரின் பீப் சோதனையில் பாருங்கள். ஒலி வராதது அறுந்தது. புது லேசரின் பிரீசெட்டைத் தொடவே வேண்டாம், அது தொழிற்சாலையில் சரி செய்தே வருகிறது.

டிஸ்க்கில் வட்டமான கீறல் விழத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். லேசரின் ரிப்பன் மேலே எழும்பி டிஸ்க்கில் உரசுகிறதா, டிரைவுக்கு அடியில் சிப்பின் வயர் எங்காவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். படிக்காத டிஸ்க்கை விட அறுபட்ட டிஸ்க் பெரிய இழப்பு.

எஸ்சிபிஎச்-70000 வைத்திருப்பவர்கள் இதைப் படிக்காமல் லேசர் வாங்காதீர்கள்

ஸ்லிம் வரிசையின் முதல் மாடலான 70000-இல் சிப் போட்டால் லேசர் எரிந்துபோகும் ஒரு பழைய நோய் உண்டு. சிப்பினால் டிரைவின் கட்டுப்பாடு தடுமாறும்போது, லென்ஸை ஏற்றி இறக்கும் காயிலுக்கு டிரைவர் ஐசி விடாமல் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். முடியளவு காயில் சூடேறி அறுந்துவிடும். அடையாளம் தெளிவானது: லென்ஸ் அசையவே அசையாது, சில சமயம் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும், அருகில் முகர்ந்தால் கருகிய வாடை. ரிப்பனைக் கழற்றிக் காயிலை அளந்தால் சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் எதுவும் காட்டாது.

இதே கன்சோலில் அப்படியே புது லேசர் போட்டால் அதுவும் எரியும், சில நாளிலோ சில மாதத்திலோ. முதலில் பாதுகாப்பு. பிந்தைய சிப்களில் லேசரைக் காக்கும் ஏற்பாடு சிப்பிலேயே உண்டு, ஆனால் அதற்கான தனி வயரைப் போர்டில் சால்டர் செய்திருக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டவர்கள் அதிகம். பழைய சிப்களுக்கு ரோமியோ மாட் என்ற தனிப் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சிப்பைக் கழற்றிவிடுவதே புத்திசாலித்தனம். சிப் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று ஒரு மெமரி கார்டு செய்துவிடும், அதைக் கீழே சொல்கிறேன்.

சிப்தான் கோளாறு என்றால்

அசல் ஓடுகிறது, நகல் மறுக்கிறது என்ற நிலை. முதலில் வேறு இரண்டு மூன்று நகல்களைப் போட்டுப் பாருங்கள். எழுதிய டிவிடியின் சாயப் பூச்சு வருடங்களில் மங்கும். நேற்று வரை ஓடிய டிஸ்க் இன்று ஓடாமல் போவது அதனாலும் இருக்கலாம். பிஎஸ்2-க்கு டிவிடி மைனஸ் ஆர் வகையே ஒத்துப்போகும். மலிவான பெயரில்லாத டிஸ்க்கில் அதிவேகத்தில் எழுதியவைதான் முதலில் மறுக்கும். ரீரைட்டபிள் டிஸ்க் திருப்பியனுப்பும் ஒளி இரட்டை அடுக்கு டிஸ்க் அளவுக்கே குறைவு, வயதான லேசருக்கு அது தாங்காது.

டிஸ்க் நல்லதுதான் என்றால் போர்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். ஒவ்வொரு சால்டர் புள்ளியையும் மரக்குச்சியால் மெல்ல அசைத்தால் விட்டுப்போனது ஆடும். கன்சோல் சூடாகும்போது மட்டும் சிப் தூங்கிவிடுவது விரிசல் விட்ட சால்டரின் அறிகுறி. புது சிப் போடுவதை இன்று நான் கடைசி வழியாகவே வைப்பேன். முடியளவு வயர்கள் ஒரு டஜனுக்கும் மேல், அவற்றைப் பழகிய கை இல்லாமல் தொட்டால் நல்ல போர்டும் போகும். ஸ்லிம் மாடல்களில் 2021-இல் வந்த மெக்காபோன் என்ற மென்பொருள், வேறு மண்டல அசல் டிஸ்க்குகளையும் பிஎஸ்1 நகல்களையும் ஏற்க வைக்கிறது. அது கன்சோலின் உள் அமைப்பில் எழுதுகிறது, நடுவில் கரண்ட் போனால் கன்சோலே முடங்கலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டில் செய்ய வேண்டாம்.

டிஸ்க்கே இல்லாமல் ஓட்டுவது

லேசருக்குச் செலவு செய்வதா என்று தயங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் வழி இதுதான். வெளி மென்பொருளை கன்சோலில் தொடங்கிவைக்கும் ஃப்ரீ மெக்பூட் எழுதிய 8 எம்பி மெமரி கார்டு ஒன்று, அதில் கேமைக் கோப்பிலிருந்து ஓட்டும் ஓபன் பிஎஸ்2 லோடர், சுருக்கமாக ஓபிஎல். சொந்த டிஸ்க்கில் இருந்து கம்ப்யூட்டரில் எடுத்த ஐஎஸ்ஓ கோப்பை அது ஓட்டும். லேசர் செத்திருந்தாலும் பரவாயில்லை. எஸ்சிபிஎச்-90000 வரிசையில் கடைசியாக வந்த, பயாஸ் (கன்சோலின் தொடக்க மென்பொருள்) 2.30 உள்ள கன்சோல்களில் ஃப்ரீ மெக்பூட் எழும்பாது. அவற்றுக்கு அதே வேலையைச் செய்யும் ஓபன்டூனா எழுதிய கார்டு கேளுங்கள்.

கேமை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது. பிஎஸ்2 டிரைவ் டிவிடியை 4 மடங்கு வேகத்தில் படிக்கும், அதாவது நொடிக்குச் சுமார் 5 எம்பி வரை. கேம்கள் இந்த வேகத்தை நம்பிச் செய்யப்பட்டவை.

யூஎஸ்பி பென்டிரைவ் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆனால் பிஎஸ்2-வின் யூஎஸ்பி 1.1 பழைய தலைமுறை. நடைமுறையில் நொடிக்கு 1 எம்பி அளவுதான் வரும். கேம் ஓடும், இடையே வரும் வீடியோக் காட்சிகள் திக்கும், பேச்சும் படமும் விலகும். சண்டை கேம்களுக்குப் போதும், திறந்த உலக கேம்களுக்கு எரிச்சல். எஃப்ஏடி32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேலான கோப்பு ஏறாது, துண்டு போட்டு ஏற்ற வேண்டும். கோப்பு பென்டிரைவில் சிதறிக் கிடந்தாலும் ஓபிஎல் மறுக்கும். அப்படி வந்தால் பென்டிரைவை முழுதும் ஃபார்மட் செய்து, கேம்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்ற அடாப்டர், மெமரி கார்டின் இரண்டாவது துளையில் மைக்ரோ எஸ்டி கார்டைப் பொருத்துவது. யூஎஸ்பியைவிட வேகம், டிஸ்க்கைவிட மெது. வயர் எதுவும் இல்லை, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வசதி. பழைய ஓபிஎல் இதை அறியாது, புதிய பதிப்பு வேண்டும்.

ஸ்லிம் மாடல் எல்லாவற்றிலும் நெட்வொர்க் துளை உண்டு. ஒரு லேன் கேபிளால் கம்ப்யூட்டரோடு நேராக இணைத்து, இரண்டுக்கும் ஒரே வரிசையில் நிலையான ஐபி கொடுத்து (கம்ப்யூட்டருக்கு 192.168.1.2, பிஎஸ்2-க்கு 192.168.1.10 என்பதுபோல்), ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் ஓபிஎல் அதிலிருந்து கேமை எடுக்கும். யூஎஸ்பியைவிடப் பல மடங்கு மேல், வீடியோக் காட்சிகளும் பெரும்பாலும் திக்காது. சிக்கல் ஒன்றே: ஓபிஎல் பேசுவது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு. பாதுகாப்புக் குறை காரணமாக புதிய விண்டோஸில் அது அணைத்தே வரும். இணையத்தில் இருக்கும் அன்றாடக் கம்ப்யூட்டரில் அதை இயக்குவதை விட, சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்போ ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ வைத்து, வீட்டு ரூட்டரோடு சேர்க்காமல் நேர் கேபிளில் ஓட்டுவது நல்லது.

பெரிய மாடல் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பின்னால் உள்ள விரிவாக்க அறையில் நெட்வொர்க் அடாப்டரைப் பொருத்தி அதில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் மாட்டலாம். டிஸ்க்கைவிட வேகமாக லோடு ஆகும், காட்சிகள் திக்காது, சத்தமும் குறைவு. அசல் அடாப்டர் பழைய ஐடிஇ வகை வட்டுக்கானது. பிந்தைய சாட்டா வகை வட்டுக்கு அதன் உள் போர்டை மாற்றித் தருகிறார்கள், அல்லது மாற்றுத் தயாரிப்பு அடாப்டர் கிடைக்கும். மாற்றுத் தயாரிப்புகளில் பலவற்றில் நெட்வொர்க் துளை இருக்காது. அப்படியானால் வட்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் கேம் ஏற்ற முடியும். பெரிய மாடலில் லேசர் போய்விட்டது என்றால், புது லேசருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் இடையே நான் யோசிக்காமல் ஹார்டு டிஸ்க்கைத்தான் சொல்வேன்.

இந்த வழியின் குறை பிஎஸ்1 கேம்கள். ஓபிஎல் அவற்றை ஓட்டாது. பாப்ஸ்டார்ட்டர் என்ற தனி ஏற்பாடு உண்டு, எல்லா கேமும் அதில் சீராக ஓடுவதில்லை. அலமாரியில் கருப்பு அடிப்பாகம் கொண்ட பிஎஸ்1 டிஸ்க்குகள் நிறைய இருந்தால் லேசரை உயிரோடு வைத்திருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

கடையில் கொடுப்பதானால்

கையில் சால்டரிங் அயர்ன் பழக்கமில்லாதவர்கள் லேசர் மாற்றத்தைக் கடையில்தான் செய்ய வேண்டும், அதில் தவறில்லை. கொடுக்கும் முன் நீங்கள் செய்த டிஸ்க் சோதனையின் முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி கன்சோலின் மேல் ஒட்டுங்கள்: எது ஓடியது, எது எந்த இடத்தில் நின்றது. கன்சோலின் எஸ்சிபிஎச் எண்ணையும், சிப் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பிரீசெட்டைத் திருப்புவதானால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருப்பி வாங்கும்போது கழற்றிய பழைய லேசரைக் கேட்டு வாங்குங்கள், குறியீட்டை ஒப்பிட அது உதவும். பிறகு அங்கேயே நின்று இரட்டை அடுக்கு அசல் டிஸ்க் ஒன்றைப் போட்டு, கேம் தொடங்கி இரண்டு கட்டம் தாண்டும் வரை ஓட விடுங்கள். தலைப்புத் திரை வந்ததும் பணம் கொடுத்துக் கிளம்பிவிடாதீர்கள்.